எரியாத கேண்டில்

ஆரோக்கியநாதனுக்குக் காற்றை அளக்கிற உத்தியோகம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஓசூரை ஒட்டிய அவருடைய ஊரான மத்திகிரியில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே நிற்கிற ஆண்கள், "இந்த வாரம் எத்தனை படி காத்து அளந்தீங்க?" என்று கேட்டுக் கேட்டு, 1968-ஆம் வருஷத்துக்குள் அவர்களுக்கே அந்தக் கேலி சலித்துவிட்டது. அவருக்கு அதற்கும் முன்பே சலித்துவிட்டது. வயது நாற்பத்தேழு. இரண்டு முட்டியிலும் வலி. காலையில் இரண்டு பஸ் மாறிப் பெங்களூருக்குப் போவார், சாயங்காலம் இரண்டு பஸ் மாறித் திரும்புவார், நடுவில் ஏணி ஏறுவார், இறங்குவார். என் பிழைப்பே ஏணியில் ஏறி இறங்குகிறதுதான் என்று மனைவி கிருபாராணியிடம் ஒருநாள் அலுத்துக்கொண்டபோது, அந்த அம்மாள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், ஏறுகிறதாவது இருக்கிறதே, எனக்கு அதுவும் இல்லை என்றாள். அதற்குப் பிறகு அவர் வீட்டில் அலுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டார்.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பதினோரு வருஷம் கண்ணாடிப் பாத்திரம் கழுவினார். தரையில் விழுந்தால் உடையும், கையில் இருந்தால் அறுக்கும் என்கிற சாமான்களோடு பதினோரு வருஷம். பிறகு பெரிய எஞ்சினியர்கள் கூடிப் பேசி, நகரத்துத் தொழிற்பேட்டைகள் காற்றில் என்னென்ன கலக்கின்றன என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு இடங்களைக் குறித்தார்கள். அந்தப் பன்னிரண்டு இடங்களுக்கும் போய்வர ஒரு ஆள் வேண்டும். எஞ்சினியர்களுக்கு முட்டி இருக்கிறது, ஆனால் அது மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வதற்கு. ஆகவே ஆரோக்கியநாதனைக் கூப்பிட்டார்கள்.

ஒவ்வொரு இடத்திலும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமான கம்பம், அதோடு சேர்த்துக் கட்டிய ஏணி. கம்பத்தின் உச்சியில் ஒரு பலகை. பலகையில் இரண்டு சாமான். ஒன்று, வாய் அகன்ற கண்ணாடி ஜாடி. அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் ஒரு மாதத்துத் தூசி அதில் விழுந்து படியும். இன்னொன்று, சாய்வான சட்டங்கள் அடித்த சின்ன மரக்கூண்டு. மழை உள்ளே போகாது, காற்று போகும். கூண்டுக்குள் ஓர் உருளை நிற்கும், அதன்மேல் ஈயம் கலந்த கரும்பழுப்புப் பசை பூசியிருக்கும். காற்றில் கந்தகப் புகை இருந்தால் அந்தப் பசை பிடித்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை, ஐந்தாம் தேதி, பழைய உருளையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். எவ்வளவு கந்தகம் பிடித்தது என்று பிறகு ஆராய்ச்சிக்கூடத்தில் எடை போட்டுச் சொல்வார்கள்.

அந்த உருளைக்கு ஆபீசில் வைத்த பெயர் கேண்டில். அது எரியாது, திரி கிடையாது, மெழுகு கிடையாது. உருளையாக நிமிர்ந்து நிற்கிறது என்பதற்காக எந்த தேசத்திலோ எந்த மகானோ அப்படிப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆரோக்கியநாதன் அதைப் பற்றி யோசித்ததில்லை. நாளெல்லாம் கேண்டில் மாற்று, கேண்டில் கொண்டு வா என்று காதில் விழுந்ததால், அவர் வாயிலும் அதுவே நின்றுவிட்டது. பின்னால் வந்த வினை எல்லாம் இந்த ஒரு வார்த்தையால் வந்தது.

பதினோராம் எண் இடம் ஓசூர் ரோட்டில், எல்லைச் சாவடியைத் தாண்டி, நம் மெட்ராஸ் ராஜ்யத்துப் பக்கத்தில் இருந்தது. சாவடிக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்தில், கந்தக அமிலம் தயாரிக்கிற ஆலை. இந்தப் பக்கம் அதில் வேலை செய்கிறவர்களின் லைன் வீடுகள், முப்பத்தியிரண்டு. ஆலை அங்கே, ஆள் இங்கே. புகைக்கு மட்டும் சாவடி கிடையாது. மேல்காற்று அடிக்கிற மாதங்களில் அது நேராக வந்து லைன் வீடுகளின்மேல் உட்காரும். தீக்குச்சியை உரசி மூக்குக்குக் கீழே பிடித்த மாதிரி ஒரு நெடி. பித்தளைக் குடம் இரண்டு நாளில் கறுத்துப்போகும். முருங்கை மரத்தில் இலை தங்காது.

கம்பம் நட இடம் கேட்டபோது லைனில் முப்பத்தோரு வீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆலைக்காரர் பார்த்தால் வேலை போய்விடும் என்று பயம். சிங்கராயர் ஒருவர்தான் சரி என்றார். அவரும் அந்த ஆலையில்தான் வேலை செய்தார். ஆனால் அந்த வருஷம் பிப்ரவரியில், ஏழு வயதில், அவருடைய மூத்த மகள் மூச்சு இழுத்து இழுத்தே இறந்துபோயிருந்தாள். இதற்குமேல் எவனுக்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டாராம். இளையவள் அருள்செல்விக்கு நாலு வயது. அவளுக்கும் இழுப்பு ஆரம்பித்திருந்தது.

மே மாதம் ஐந்தாம் தேதி முதல் உருளையை வைத்த அன்றைக்கு, சிங்கராயரின் மனைவி அன்னமேரி ஏணியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்ன என்று கேட்டாள். ஆரோக்கியநாதனுக்கு அன்றைக்கு அது ஒன்பதாவது ஏணி. வெயில் மண்டையைப் பிளந்தது. கேண்டில் என்றார். அப்படியென்றால் என்ன என்று அவள் விடவில்லை. ஈயம், பசை, கந்தகம் என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று மலைத்துப்போய், அவர் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

"கேண்டில்னா மெழுகுவத்திம்மா. காத்துக்காக வெக்கிறது."

அவள் தலையை ஆட்டினாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அதை அவர் பார்த்தார். நம் ஆட்களுக்கு அது சகஜம்தானே என்று விட்டுவிட்டார்.

இந்த வேலையில் ஒரு சட்டம் இருந்தது. ஓர் இடத்தின் அளவு செல்லுபடியாக வேண்டுமானால் ஆறு மாதம் இடைவிடாமல் எடுத்திருக்க வேண்டும். மேல்காற்றும் வேண்டும், கீழ்காற்றும் வேண்டும். நடுவில் ஒரு மாதம் கெட்டாலும் எல்லாம் போச்சு. இன்னொரு சட்டம் அதைவிடக் கொடுமை. வீட்டுக்காரர்கள் கூண்டில் கை வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த இடத்தையே பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும், நம்ப முடியாத வீடு என்று. ஏழாம் எண் இடம் அப்படித்தான் போயிற்று. அது ஒரு சின்னப் பட்டறை. பட்டறைக்காரர் நல்ல மனிதர், ஆயுத பூசையன்று கம்பத்தையும் விட்டுவைக்க மனம் வராமல் கூண்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஜாடிக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தையும் போட்டுக் கற்பூரம் காட்டிவிட்டார். அசிஸ்டென்ட் எஞ்சினியர் திம்மப்பன் அன்றைக்கே சிவப்பு மையால் ஏழாம் எண்ணை அடித்தார். கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் ஆரோக்கியநாதன்தான்.

பதினோராம் எண்ணின் அளவு ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டே போனது. நகரத்து நடுவில் எடுத்ததைப் போல மூன்று மடங்கு. அக்டோபரில் திம்மப்பனே தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் ஒரு மாதம் சரியாக வந்துவிட்டால், அறிக்கையில் இந்த இடம்தான் முதலில் நிற்கும், புகைபோக்கியை உயர்த்தச் சொல்லி எழுதாமல் இருக்கவே முடியாது என்றார். அந்தச் சாயங்காலம் ஆரோக்கியநாதன் தன் வழக்கத்தை மீறி, வழியில் லைனில் இறங்கி, புகைபோக்கி உயரும் என்று மட்டும் அன்னமேரியிடம் சொல்லிவிட்டுப் போனார். புகைபோக்கி உயர்ந்தால் இவளுக்கு மூச்சு வருமா என்று அவள் அருள்செல்வியைக் காட்டிக் கேட்டாள். வரும் என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அவருக்கும் அந்த நவம்பரில் சொந்தமாக ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்த சம்பங்கி ஜனவரியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் ஆரோக்கியநாதனுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஏணி கிடையாது. வெயில் கிடையாது. அந்த ஸ்டூலை அவர் தினமும் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு கால் கொஞ்சம் ஆடும், அடியில் அட்டையை மடித்து வைத்துக்கொள்ளலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார். மனுஷனுக்கு அவ்வளவு களைப்பு.

நவம்பர் ஐந்தாம் தேதி ஏணியில் ஏறி, ஆறாவது உருளையை எடுக்கக் கூண்டின் கதவைத் திறந்தார். உள்ளே உருளையை ஒட்டினாற்போல ஒரு மெழுகுவர்த்தியின் அடிக்கட்டை. பலகையெல்லாம் மெழுகு வழிந்து உறைந்திருந்தது. உருளையின் ஒரு பக்கம் கரி அப்பி, சூட்டில் பசை பிளந்து உதிர்ந்திருந்தது. பக்கத்து ஜாடியிலும் மெழுகுத் துளிகள் மிதந்தன.

ஆரோக்கியநாதன் ஏணியிலேயே நின்றுவிட்டார். கீழே அன்னமேரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. பாராட்டை எதிர்பார்க்கிற முகம்.

"இங்க யாரும்மா ஏறினது?"

"நாந்தாண்ணா," என்றாள். "ஆறு மாசமா நீங்களும் பத்த வெக்காமயே மாத்திக்கினு போறீங்க. ஆபீசுல மறந்துட்டாங்களோன்னு இருந்துச்சு. சனிக்கெழம கல்லறைத் திருநாளு. இவளுக்கு அன்னிக்கு இழுப்பு, ஓசூருக்குப் போயி அவ கல்லறையில ஒரு வத்தி கொளுத்த முடியல. அவ காத்துல போனவதான. காத்துக்குன்னு வெச்ச எடத்துலயே எரியட்டும்னு ஒண்ணு ஏத்துனேன்."

கோபம் வந்தது. பொய் சொல்லக்கூடாது, நல்ல கோபம்தான் வந்தது. மூன்று நாள். இன்னும் மூன்று நாள் இந்த அம்மாள் பொறுத்திருந்தால், உருளை அவர் பைக்குள் போயிருக்கும். திட்டுவதற்கு வாயைத் திறந்தார். திறந்ததும் தான் மே மாதம் இதே ஏணியில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. கேண்டில்னா மெழுகுவத்திம்மா, காத்துக்காக வெக்கிறது. ஆறு மாதமாக இந்தப் பெண், செத்துப்போன தன் மகளுக்காகச் சர்க்கார் மாதாமாதம் ஒரு மெழுகுவர்த்தி அனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைக் கொண்டு வருகிறவன் ஏற்றாமல் போகிறானே என்று மட்டும்தான் அவளுக்கு வருத்தம்.

"நல்லா எரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"முழுக்க எரிஞ்சுதுண்ணா. அவ்ளோ காத்துலயும் அணையல."

அணையாதுதான். காற்று மெதுவாக உள்ளே போகிற மாதிரி சட்டம் அடித்த கூண்டு. அவர் அடிக்கட்டையைச் சுரண்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கெட்டுப்போன உருளையைத் தகர டப்பாவில் வைத்து மூடினார். கொண்டு வந்திருந்த புது உருளையைக் கூண்டில் நிறுத்தினார். ஜாடியையும் மாற்றினார். இறங்கி வந்து, இனிமேல் அதன் பக்கத்தில் நெருப்பு கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டாள். உள்ளே இருப்பது மருந்து, தீப்பிடித்துக்கொள்ளும் என்றார். இந்தத் தடவையும் சுருக்கமாகத்தான் சொன்னார். ஆனால் இந்தத் தடவை யோசித்துச் சொன்னார்.

பெங்களூர் பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்காரி கை வைத்தாள், பதினொன்றை அடி, கம்பத்தைப் பிடுங்கு. வேறு எந்த வீட்டிலும் கம்பம் நட விடமாட்டார்கள். முப்பத்தியிரண்டு வீடு அறிக்கையில் இல்லாமலே போகும். இல்லாத வீட்டுக்காக எவன் புகைபோக்கியை உயர்த்துவான்? கரியைச் சுரண்டிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி கொடுத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஆனால் பசை பாதி உதிர்ந்துபோயிருந்தது. தராசு காட்டிக்கொடுத்துவிடும். மிச்சம் இருந்தது ஒரே வழி. அது தெரிந்ததும் அந்த ஆடுகிற ஸ்டூல் கண்முன் வந்து நின்றது. அத்திப்பள்ளி தாண்டி, சந்தாபுரம் தாண்டி, அது போகவில்லை.

திம்மப்பன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கன்னடத்தில் கேட்டார். வீட்டுக்காரர்களா என்று அவரே கேட்டுக்கொண்டு, சிவப்பு மைப் பேனாவை எடுத்தும்விட்டார்.

"நான்தான் சார்," என்றார் ஆரோக்கியநாதன். கூண்டுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது, புகை காட்டினால் போகும் என்று மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன் என்று கன்னடத்தில் சொல்லி முடித்தார். சட்டைப் பையிலிருந்து அடிக்கட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார், சாட்சிக்கு.

திம்மப்பன் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு கோபம் வந்தது. பதின்மூன்று வருஷம் இங்கே இருந்துகொண்டு, கேண்டிலுக்குப் பக்கத்தில் கேண்டில் ஏற்றுகிற முட்டாள் உண்டா என்று மேஜையைத் தட்டினார். ஹால் முழுக்கச் சிரித்தது. ஆரோக்கியநாதன் தலையைக் குனிந்து நின்றார். வெட்கமாக இருந்தது. செய்யாத முட்டாள்தனத்துக்கும் வெட்கம் வரும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் சிவப்பு மைப் பேனா மூடியைப் போட்டுக்கொண்டு மேஜைக்குத் திரும்பியது. தப்பு நம் ஆள் பேரில், வீட்டின் பேரில் இல்லை. பதினோராம் எண் இருக்கட்டும், ஆறு மாதத்தை இன்றிலிருந்து மறுபடி எண்ணுங்கள் என்று உத்தரவாயிற்று. அவருக்கு ஒரு மெமோ வந்தது. ஜனவரியில் சம்பங்கியின் ஸ்டூலில் வேறொருவர் உட்கார்ந்தார். அவர் முதல் நாளே காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டார்.

இதைப் பெரிய தியாகம் என்று ஆரோக்கியநாதன் ஒருநாளும் எண்ணியதில்லை. கிருபாராணியிடமும் சொல்லவில்லை. வார்த்தையைக் கொடுத்தது நான், வத்தியை ஏற்றியது அவள், பழி மட்டும் அவளுக்கு எப்படிப் போகும் என்பது அவர் கணக்கு. ஆனால் ஏணி ஏறும்போதெல்லாம் முட்டி அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் பதினோராம் கம்பத்தின் மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஸ்டூலை நினைப்பார். தன் மேலேயே எரிச்சல் வரும். பிறகு ஏறுவார்.

அந்தக் குளிரில் மெட்ராஸ் ராஜ்யம் தமிழ்நாடு ஆயிற்று. சாவடியில் போர்டை மாற்றி எழுதினார்கள். புகை அதையும் படிக்காமல் வந்துகொண்டிருந்தது. அன்னமேரி சொன்ன சொல் தவறாமல் கம்பத்தின் பக்கம் அடுப்பு நெருப்பைக்கூடக் கொண்டுபோகவில்லை. லைனில் பீடி பிடிக்கிற ஆண்களைக்கூட அந்தப் பக்கம் நிற்க விடாமல் விரட்டினாள். மே ஐந்தாம் தேதி ஆறாவது உருளை பத்திரமாக இறங்கியது.

அறிக்கை 1969 அக்டோபரில் அச்சாகி வந்தது. நீல அட்டை போட்ட ஆங்கிலப் புத்தகம். ஆரோக்கியநாதனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், மீதியை ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு பிரதியைத் திம்மப்பனிடம் கேட்டு வாங்கி, இரண்டு நாள் கடனாக, லைனுக்கு எடுத்துப்போனார். சிங்கராயர் ஆலைக்குப் போயிருந்தார். அன்னமேரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். படத்தில் பதினோரு புள்ளிகள் இருந்தன. சாவடியைத் தாண்டி இருந்த புள்ளிதான் எல்லாவற்றிலும் பெரியது. இதுதான் உன் வீடு என்று காட்டினார். புகைபோக்கியை உயர்த்த வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்றும் சொன்னார். எப்போது என்று எழுதியிருக்கவில்லை. அதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் வேறொன்று கேட்டாள்.

"இதுல உங்க பேரு எங்கண்ணா இருக்குது?"

முதல் பக்கத்தில் எஞ்சினியர்கள் பேர் இருந்தது. திம்மப்பன் பேர் இருந்தது. ஜாடி வாங்கிய கம்பெனிக்குக்கூட நன்றி சொல்லியிருந்தார்கள். ஆரோக்கியநாதன் பக்கங்களைப் புரட்டினார். பதினோராம் எண்ணுக்கான அட்டவணைக்கு அடியில், நட்சத்திரக்குறி போட்டு, பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. ஊழியரின் கவனக்குறைவால் இவ்விடத்தில் முதல் ஆறு மாத அளவுகள் கைவிடப்பட்டன. பதினான்கு வருஷ உத்தியோகத்தில் அவரைப் பற்றி அச்சில் வந்தது அது ஒன்றுதான். அதன்மேல் விரலை வைத்தார்.

"இதாம்மா. இது நான்."

அவள் குனிந்து பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் நீளம் தெரிந்தது.

"ஒரு வரி முழுக்க உங்களப் பத்தியா?"

"ஒரு வரி முழுக்க."

அன்னமேரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த வரியை விரலால் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திசெய்தாள், கோயிலில் மாதா சுரூபத்தின் பாதத்தைத் தொட்டுச் செய்கிற மாதிரி. வாசலில் நின்ற அருள்செல்வியைக் கூப்பிட்டு, மாமா பேரு, நீயும் தொட்டுக்கோ என்றாள். குழந்தை கிட்டே வந்தது. தொடுவதற்கு முன்னால் முகத்தைத் திருப்பி, புத்தகத்தின்மேல் படாமல் இருமி முடித்துக்கொண்டு, பிறகு தொட்டது.